தானியங்கிப் பேருந்தின் ஓட்டுநர்

ஜூன் ஒன்பதாம் நாள். மழையில்லை, தெருப்புழுதியை வாரி முகத்தில் இறைக்கும் காற்று. பணிமனையில் நின்ற தானியங்கிப் பேருந்தின் முன் இருக்கையில் அமர்ந்து, பக்கக் கண்ணாடியைச் சற்றே திருப்பினார் அவர். கண்ணாடி தானாகப் பழைய நிலைக்குத் திரும்பியது. அன்றாடம் நடக்கும் போட்டி இது. வெற்றி எப்போதும் கண்ணாடிக்கே.

வாழ்நாளில் பாதியைச் சாதாரணப் பேருந்து ஓட்டிக் கழித்தவர். இப்போதைய பணி, இருக்கையில் இருப்பது மட்டுமே. இத்தகைய வண்டிகளுக்கு விதி வகுக்க அமைக்கப்பட்ட குழுவில், ஓட்டுநர் இருந்தே தீரவேண்டும் என்றது தொழிற்சங்கம். இருக்கட்டும், எதையும் தொடக்கூடாது என்றது தயாரிப்பு நிறுவனம். தொடாவிட்டாலும் தூங்கக்கூடாது என்றது காப்பீட்டுத் தரப்பு. விபத்து நேர்ந்தால் கைது செய்ய ஓர் ஆள் வேண்டும் என்றது காவல்துறை. நால்வர் விருப்பமும் ஒருசேர நிறைவேற, இவர் அமர்த்தப்பட்டார்.

பயணிகள் இவருக்குச் சூட்டிய பெயர் 'பொம்மை டிரைவர்'. மனைவியோ, "சும்மா உக்காந்திருக்க அவ்வளவு தூரம் போகணுமா? அதைத்தான் வீட்லயே நல்லா செய்யறீங்களே!" என்பார்.

"பொறுப்புடி, பொறுப்பு! உனக்கென்ன தெரியும்?" என்று காலரை நிமிர்த்திக்கொள்வார்.

ஆனாலும், வளைவு வரும்போதெல்லாம் அவரது வலக்கால், பிரேக்கே இல்லாத தரையை ஓங்கி மிதிக்கும். சட்டைப்பையில் ஓட்டுநர் உரிமம் இருக்கும். ஒருமுறைகூட அபராதம் காணாதது. கேட்காதவர்களுக்கும் அதை எடுத்துக் காட்டுவார்.

அன்று குழுவினரே பயணிகளாக ஏறினர். முன் இருக்கையை வைத்திருப்பதா, கழற்றி எறிவதா என்று அவர்கள் முடிவு செய்யவேண்டும். பாதி வழியில், காற்று உருட்டிவந்த வெற்று அட்டைப்பெட்டி ஒன்று சாலை நடுவே நின்றது. பேருந்தும் அதற்கு மரியாதை செய்து நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"யாராவது எறங்கி எடுத்துப் போடுங்களேன்" என்றார் காப்பீட்டு அம்மையார்.

"பெட்டி ரோட்டுல இருக்கும்மா. ரோடு எங்களோடதா?" என்றார் நிறுவனத்தார்.

"எங்காளு எறங்கமாட்டாரு. பெட்டி தூக்குறது அவர் வேலை கெடையாது" என்றார் சங்கத் தலைவர்.

ஓட்டுநர் மெல்ல எழுந்தார். "எதையும் தொட்டுடாதீங்க!" என்று நிறுவனத்தார் அலற, மறுபடியும் அமர்ந்தார்.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து சன்னலைத் தட்டினார். "நடுரோட்டுல என்ன நிறுத்தி வெச்சிருக்கீங்க? அபராதம் கட்டணும். வண்டிய ஓட்டினது யாரு?"

காவல்துறைப் பிரதிநிதி வானத்தை ஆராய்ந்தார். நிறுவனத்தார், 'யாருமில்லைன்னு சொல்லுங்க' என்பதுபோல் கண்ணைக் காட்டினார். அப்படிச் சொன்னால் உரிமத்தில் கறையில்லை. ஆனால், இருக்கையும் இல்லை.

வலக்காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, உரிமத்தை எடுத்துச் சன்னல் வழியே நீட்டினார் அவர்.

"நான்தாங்க."