மதகுச் சக்கரம்

அந்த நாட்களில் பெஹாலாவில் திதியின் வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் டிவிக்குக் கீழே ஓர் இரும்புச் சக்கரம் கிடக்கும். சாப்பாட்டுத் தட்டின் அகலம், நீலப் பெயின்ட், நடுவில் சதுரமாக ஒரு துளை. விஷயம் தெரியாத விருந்தாளிகள் அதைப் பழைய தையல் மிஷினின் பாகம் என்று நினைத்துக்கொள்வார்கள். நகரத்தின் கிழக்கு விளிம்பில் நாங்கள் கட்டிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மதகைத் திறக்கும் சக்கரம் அது. அது இல்லாமல் எந்தப் பயில்வான் வந்தாலும் அந்த மதகை அசைக்க முடியாது. அதற்காகத்தான் திதி அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

திதி என்றால் வங்காளியில் அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள், அவ்வளவுதான். ஆனால் சைட்டில் தலைநரைத்த கொத்தனார் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் திதிதான். ரயில்வேயில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பத்துப் பெண். வீட்டில் பேசிப் பழகிய தமிழ். எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. கோபம் வந்தால் வங்காளியும் சந்தோஷம் வந்தால் தமிழும் பேசுவாள். தொட்டிகளும் சுவர்களும் என் பொறுப்பு, அவற்றுக்குள் தண்ணீர் எப்படிச் சுத்தமாக வேண்டும் என்பது அவள் பொறுப்பு. "ஏய் சிவில்காரி, நீ கட்டி முடிச்சதும் கைய தட்டிட்டுக் கெளம்பிடுவ. என் வேலை அப்பறம்தான் ஆரம்பம்" என்று சீண்டுவாள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? "கோரை நடுறதுக்கு எதுக்கு இன்ஜினியரிங் படிச்ச?" என்பேன்.

அவள் வரைந்த திட்டத்தில் ராட்சத மோட்டார்கள் இல்லை, காற்றடிக்கும் இயந்திரங்கள் இல்லை. சாக்கடை நீர் முதலில் ஒரு தொட்டியில் தெளியும். பிறகு மதகைத் தாண்டி நிலத்தின் சரிவிலேயே மெல்ல இறங்கி, செங்கல் ஜல்லி பரப்பிய பாத்திகளுக்குள் ஊறிப் போகும். அந்தப் பாத்திகளில் சம்பங்கோரை. இங்கே அதை ஹோக்லா என்பார்கள். கோரையின் வேர்களும் அவற்றில் குடியேறும் கிருமிகளுமாகச் சேர்ந்து அழுக்கைத் தின்றுவிடும். தெளிந்த நீர் கடைசியில் மீன் வளர்க்கும் குளங்களுக்குப் போகும். ஜல்லியைக்கூடத் தொலைவிலிருந்து லாரியில் வரவழைக்க அவள் விடவில்லை. அதே இடத்தில் இடித்துப்போட்ட பழைய கிடங்கின் செங்கல்லை உடைத்துப் போட வைத்தாள். கரண்டே இல்லாத ஊரிலும் இது ஓடும் என்று பெருமையடிப்பாள். எனக்கு அந்தப் பெருமை பிடிக்கும்.

பூஜை விடுமுறைக்குச் சற்று முன்புதான் கோரை நட்டோம். திதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, வேலையாட்களோடு சேர்ந்து தானும் நட்டாள். அப்போதே அவளுக்கு முதுகுவலி இருந்தது. குனிந்து குனிந்து வந்த வலி என்றுதான் நினைத்தோம். விடுமுறை முடிவதற்குள் அது வேறு என்று தெரிந்துவிட்டது. கோடை வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் அவள் அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாள் மறைக்கப் பார்த்தார், ஆனால் திதியிடம் எதை மறைக்க முடியும்?

கோரை நன்றாக வேர் பிடிக்க ஒரு மழைக்காலம் முழுதாகப் போக வேண்டும்; இங்கே மழை இனி அடுத்த ஆனியில்தான். அதற்கு முன் சாக்கடையை விட்டால் இளம் வேர் அழுகிவிடும், பாத்தி அடைத்துக்கொள்ளும், அழுக்கு அப்படியே குளத்துக்குப் போய் மீன்கள் செத்து மிதக்கும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், தைக்குள் மதகைத் திறந்துவிடலாம் என்று மேனேஜர் சொன்னபோது ஒருவர்கூட மறுக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. தன் தண்ணீர் ஓடுவதை திதி கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் அவருக்கும், எனக்கும். மறுநாளே திதி பெரிய ஸ்பேனரோடு சைட்டுக்கு வந்தாள். நட்டைக் கழற்றினாள், சக்கரத்தைச் சணல் பையில் போட்டாள், யாரையும் தூக்கவிடாமல் டாக்சி ஏறிப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே பெஹாலாவுக்குப் போனேன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"ஒரே ஒரு நாள் தெறப்போம், திதி. நீ பாத்ததும் மூடிடலாம்."

"ஆரே பாபா, அது என்ன கல்யாண வீட்டு லைட்டா, போட்டுக் காமிச்சு அணைக்க? எனக்காகப் பாவப்பட்டு செடியக் கொன்னுடாதீங்க. குளத்துக்காரங்க நம்மள நம்பி ஒத்துக்கிட்டவங்க. நான் போயிடுவேன், அவங்க எங்க போவாங்க?"

அவள் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் சக்கரத்தைப் பார்த்தபடி குடித்தோம்.

அதன் பிறகு வாராவாரம் போனேன். போனதும் அவள் கேட்பது ஒன்றுதான்: "எவ்ளோ வளந்திருக்கு?" நான் கட்டிலருகே நின்று கையால் உயரம் காட்டுவேன். முதலில் கணுக்கால், பிறகு கெண்டைக்கால், பிறகு முழங்கால். குளிர் வந்ததும் கோரை முழங்காலோடு நின்றுவிட்டது. ஆனால் திதி நிற்கவில்லை, போகப் போக இளைத்துக்கொண்டே வந்தாள். ஒரு நாள் மனசு கேட்காமல் கையை இடுப்பு வரை உயர்த்திக் காட்டினேன். படுத்தபடியே சிரித்தாள். "பொய் சொல்லாதடி. பனிக்காலத்துல ஹோக்லா அவ்ளோ வளராது" என்றாள். நான் கையை மறுபடி முழங்காலுக்கு இறக்கினேன். வெயில் ஏறி, கோரையில் புதுக் குருத்து எட்டிப்பார்த்த வாரத்தில் அவள் போய்விட்டாள்.

மழைக்காலம் வந்தது, முடிந்தது. மதகு திறக்கும் அன்று மேளமில்லை, ரிப்பன் இல்லை. அவள் அம்மா அதே சணல் பையில் சக்கரத்தைக் கொண்டுவந்தார். நான் பொருத்தி நட்டை முடுக்கிவிட்டு, "நீங்கதான் தெறக்கணும்மா" என்றேன். அவர் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தார். பிடித்தவர் திருப்பவே இல்லை. மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது வீட்ல கெடந்த வரைக்கும், அவ எந்திரிச்சு வேலைக்குப் போயிடுவான்னே இருந்துச்சும்மா. தெறந்துட்டா அவ்ளோதானே?"

நான் அவர் கைகள் மேல் என் கைகளை வைத்தேன். இருவருமாகத் திருப்பினோம். தண்ணீர் சத்தமில்லாமல் பாத்திக்குள் இறங்கியது. அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

இப்போது வேறு வேலைக்கு மாறிவிட்டேன், நகரத்துக்குள்ளே பாலிகஞ்சில் ஆபீஸ். ஆனாலும் மழை முடிந்ததும் ஒரு முறை அங்கே போய்விடுவேன். குளங்களில் மீன் துள்ளுகிறது. சக்கரத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், கை படும் இடத்தில் மட்டும் நீலம் தேய்ந்து இரும்பு தெரிகிறது. அதைத் தொட்டுவிட்டுப் பாத்தி ஓரமாக வந்து நிற்பேன். என்னை அறியாமல் கை முழங்காலுக்கு நேராக வந்து நின்றுவிடும். கோரை என் தலைக்கு மேல் வளர்ந்திருக்கிறது, திதி. எக்கி நின்று கையைத் தூக்கினாலும் எட்டவில்லை. பொய் இல்லை. எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்கத்தான் நீ இல்லை.