கோப்பை தாங்கிய வளைவு

நேர்ரோட்டுப் பந்தயத்துக்காக என் ஜீப்பின் பின் ஆக்சிலையும் ஷாஃப்டையும் மாற்றினேன். பின்சக்கரம் இரண்டும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டியும் விட்டேன். கை பிரேக்கைத் திரும்ப மாட்டவில்லை. பந்தயத்தில் அது எதற்கு என்ற திமிர்தான்.

ஜெயித்துக் கோப்பை வாங்கி, மனைவியோடு கொல்லிமலை ஏறினேன். வளைவில் உள்சக்கரம் மெதுவாகச் சுழன்றால்தான் வண்டி திரும்பும். என் வண்டி திரும்பவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் எடுத்து, மறுபடி ஏற்றினேன். வண்டி உருளாமலிருக்க அவள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். கோப்பையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் இறங்குவாள், அவ்வளவு பெருமை.

ஒரு வளைவில் கல் நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. என்ஜினும் அணைந்தது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் ஜீப் விளிம்பை நோக்கி உருண்டது. அவள் கோப்பையின் மரப்பீடத்தைச் சக்கரத்தடியில் திணித்தாள். வண்டி நின்றது.

"ஏனுங்க, நேராவே போறதுக்கு நம்மூர்ல எங்கீங்க ரோடு இருக்குது?" என்றாள்.

மறுநாளே பழைய ஆக்சிலை மாட்டினேன்.

நசுங்கிய கோப்பை இன்னும் வீட்டில் இருக்கிறது. எதற்குக் கிடைத்தது என்று யாராவது கேட்டால், "ஊடு வந்து சேந்ததுக்குங்க" என்கிறாள். நான் மறுப்பதில்லை.