மெமரியில் மட்டும் இருந்த டிஸ்க்

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் நானும் என் ஓர்ப்படியும் சேர்ந்து ஒரு நெட் சென்டர் நடத்துகிறோம். ஆதார் பிரின்ட், ஜெராக்ஸ், லேமினேஷன், பரீட்சை விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஓர்ப்படி என் கணவரின் அண்ணன் மனைவி, என்னைவிட எட்டு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எம்.சி.ஏ. படித்தவள் நான். கூட்டத்தைச் சமாளிக்கத் தெரிந்தவர் அவர்.

ஒருநாள் கையெழுத்தை ஸ்கேன் செய்ய வந்த ஒருவர், கம்ப்யூட்டரில் முந்தின ஆள் விட்டுப்போன ஃபைலைத் திறந்துவிட்டார். ஒரு பெண்ணின் கல்யாண பயோடேட்டா. போட்டோ, நட்சத்திரம், சம்பளம், போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தது. "அட, இது எங்க தெருப் பொண்ணாச்சே! இவ்ளோதான் சம்பளமா?" என்று சத்தமாகப் படிக்கவும் ஆரம்பித்தார். அக்கா பாய்ந்து போய் மவுஸைப் பிடுங்கினார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் முகமெல்லாம் எரிந்தது. அந்தப் பெண் எங்களை நம்பி வந்தவள்.

கையால் அழிக்கலாம். ஆனால் கூட்ட நேரத்தில் மறந்துபோகும். அழித்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் தடயம் கிடக்கும், தெரிந்தவன் தோண்டி எடுத்துவிடுவான். பென் டிரைவ் வைரஸ் தொல்லை தாங்காமல் எங்கள் இரண்டு கம்ப்யூட்டரிலும் விண்டோஸுக்குப் பதிலாக யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஓர் இலவச சிஸ்டத்தை நான் ஏற்கனவே போட்டு வைத்திருந்தேன். ரேம் எனும் தற்காலிக மெமரியில் ஒரு பகுதியை எடுத்து, இதுதான் டிஸ்க் என்று அந்த சிஸ்டத்தை நம்பவைக்க வழி இருப்பதாகப் படித்திருந்தேன். கரன்ட் இருக்கும்வரை அது டிஸ்க். அணைத்தால் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்கு லீவு. உட்கார்ந்தேன். மூன்றே மூன்று கட்டளைகள். முதலாவது டிஸ்க்கை உண்டாக்கும். இரண்டாவது அதை ஃபைல் எழுதத் தக்கதாக ஆக்கும். மூன்றாவது அதை ஒரு ஃபோல்டரில் கொண்டுபோய் மாட்டும். என் பேராசை, கம்ப்யூட்டரில் இருந்த மெமரி மொத்தத்தையும் டிஸ்க்குக்கே எழுதிக் கொடுத்தேன். சிஸ்டம் மறுபேச்சு பேசவில்லை. நல்ல பிள்ளையாக வாங்கிக்கொண்டது. சோதித்துப் பார்க்க என் கல்யாண வீடியோவை அதில் காப்பி செய்தேன். மாலை மாற்றும் இடம் வரை வந்திருக்கும். திரை முழுக்க வெள்ளை எழுத்து ஓடியது, கம்ப்யூட்டர் பொத்தென்று விழுந்துவிட்டது. பாவம், மெமரி மொத்தமும் டிஸ்க்காகிவிட்டால் அது எங்கே கால் வைத்து நிற்கும்? எனக்குக் கோபமே வரவில்லை, தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இரண்டாம் முறை நியாயமான அளவு கொடுத்தேன். மெமரி நெருக்கடியானால் கொஞ்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவைக்கும் பழக்கம் சிஸ்டத்துக்கு உண்டு. அதையும் நிறுத்தினேன். ஸ்கேன், டவுன்லோடு, பிரவுசர் சேமிப்பு எல்லாம் புது டிஸ்க்குக்கே போகும்படி திருப்பிவிட்டேன். ஃபோல்டரைத் திறந்தால் காலியாக, சுத்தமாக, கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. இல்லாத ஒரு டிஸ்க் என் முன்னால் இருந்தது! உடனே அக்காவுக்கு போன் போட்டேன். ஈரத் தலையில் துண்டோடு ஓடி வந்தார்.

"இன்னாடி, கடை பத்திகிச்சா?"

"இங்க உக்காருங்க அக்கா." அவரை போட்டோ எடுத்து, டிஸ்க்கில் போட்டு, திறந்து காட்டினேன். துண்டோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்து வந்தது. ஃபோல்டர் காலி.

"எங்கடி நானு?"

"போயிட்டீங்க."

"குப்பைல இருக்கும், பாரு."

"குப்பைலயும் இல்ல அக்கா. எங்கயுமே இல்ல."

அக்கா திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், சத்தியமாக. அப்புறம் "இன்னொரு வாட்டி" என்றார். ஏழெட்டுத் தடவை அவரை உள்ளே போட்டு மாயமாக்கினோம். கடைசியில் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து டெய்லர் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதன்பின் திரையில் ஒரு பட்டன் வைத்தேன். "முடிச்சாச்சு" என்று பெயர். ஒரு வாடிக்கையாளர் எழுந்ததும் அதைத் தட்டினால் பழைய டிஸ்க் கழன்று அழியும், புதிது வந்து உட்காரும். அக்கா அதைத் தட்டும்போதெல்லாம் "போ, போ" என்பார்.

சில மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் ஒரு ஜோடி வந்தது. பெண் எங்கள் ஊர், பட்டு நெசவுக் குடும்பம், தனியார் கம்பெனியில் வேலை. கூட வந்தவர் படவேடு பக்கம், ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். இருபத்தைந்து, இருபத்தெட்டு வயதிருக்கும். திருமணப் பதிவுக்கு விண்ணப்பம். சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தபோது அந்தப் பெண் என் காதருகில் வந்து, "அக்கா, இதெல்லாம் இங்கயே இருக்குமா?" என்றாள்.

"பட்டனத் தட்டினா போயிடும்மா. அப்பால என்னாலயே எடுக்க முடியாது."

"நிஜமாவா?"

"நிஜமா."

வேலை முடிந்து போனார்கள். அக்கா "போ, போ" என்று பட்டனைத் தட்டினார். அடுத்து அதே கம்ப்யூட்டரில் களம்பூரிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்தார். ரைஸ் மில்லில் வேலை செய்துகொண்டே அரசுத் தேர்வுக்குப் படிப்பவர். நாலு பக்க விண்ணப்பத்தை ஒற்றை விரலால் அடித்து, மூன்றாம் பக்கத்துக்கு வந்திருந்தார்.

நண்பகலில் அவர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், என் போட்டோவ ஏத்தலாம்னு போனா வேற யாரோ ஜோடி போட்டோ வருது."

போய்ப் பார்த்தேன். காலை ஜோடியின் ஃபைல்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. அவர்களுடைய விண்ணப்பம் ஒரு ஜன்னலில் சுருங்கிக் கீழே திறந்தபடியே கிடந்தது. உள்ளே ஒரு ஃபைல் திறந்திருந்தால் டிஸ்க் கழல மறுக்கும். சிஸ்டம் அதைச் சொல்லத்தான் செய்திருக்கும். அந்த எச்சரிக்கையைத் திரையில் காட்டாமல் மறைத்து பட்டனை எழுதியவள் நான்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. தலையில் ஹெல்மெட்டோடு ஒருவர் உள்ளே வந்தார்.

"காலைல எம் பொண்ணு ஒருத்தனோட இங்க வந்துகினு போனாளாமே?"

பெண்ணின் அப்பா. பட்டு நூல் வியாபாரம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உக்காருங்கண்ணா, மொதல்ல டீ சொல்றேன்" என்றார் அக்கா.

"டீ வேணாம்மா. அவங்க இன்னா அப்ளை பண்ணாங்க, எந்த ஆபீஸ், எந்தத் தேதி, அத மட்டும் காட்டுங்க."

"அத காட்டக் கூடாதுங்க" என்றேன். "உங்க பேப்பர வேற யார்னா கேட்டாலும் காட்ட மாட்டோம்."

"நான் அவ அப்பன்மா!" என்று கவுண்டரைச் சுற்றிக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டரை நோக்கி நடந்தார்.

பட்டனை இப்போது தட்டிப் பிரயோஜனமில்லை. பலவந்தமாகக் கழற்றலாம், ஆனால் களம்பூர்க்காரரின் வேலையும் அதே டிஸ்க்கில்தான் நடக்கிறது, அதுவும் சேர்ந்து போகும். அவரைப் பார்த்தேன். அவர் ஹெல்மெட்காரரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் காலை நீட்டினார்.

மேஜைக்கு அடியில் ஜங்ஷன் பாக்ஸ். டக்.

திரை கறுத்தது.

"அய்யய்யோ! காலு மரத்துப்போச்சேன்னு நீட்டினேன், பட்டுடுச்சிங்க" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "மூணு பக்கம் அடிச்சேன், எல்லாம் போச்சு. பேஜாருப்பா."

அக்கா சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் ஸ்விட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்து வருகிற அந்த ஒன்றரை நிமிடம், அவர் ஹெல்மெட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோல்டரை அவரே திறந்தார். காலி. குப்பைக் கூடையைத் திறந்தார். காலி.

"அழிச்சத மறுபடி எடுக்கலாம்னு சொல்றாங்களே?"

"ஹார்ட் டிஸ்க்ல எழுதியிருந்தா எடுக்கலாங்க. இதுல எழுதவே இல்ல. மெமரிலயே டிஸ்க் பண்ணி வெச்சிருக்கோம், கரன்ட் போனா..." நான் உற்சாகத்தில் முழு விளக்கத்தையும் ஆரம்பித்துவிட்டேன். மூன்று கட்டளை வரை போயிருப்பேன். அக்கா இடுப்பில் கிள்ளினார்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கழற்றியதும் ஆள் பாதியாகிவிட்ட மாதிரி இருந்தார். டீ வந்தது. இந்த முறை வாங்கிக்கொண்டார். பாதி குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "அந்தப் பையன்... எப்படி?" என்றார்.

அக்காதான் பேசினார். "எந்தப் பேப்பர், எந்த ஆபீஸுன்னு கேக்காதீங்கண்ணா, சொல்ல மாட்டோம். ஆனா ஒண்ணு சொல்றேன். அப்பா பேரு போடற எடத்துல உங்க இனிஷியல் விட்டுப்போச்சு. உங்க பொண்ணு கவனிக்கல. அவருதான் நிறுத்தி, 'மாமா பேரு தப்பா இருக்கக் கூடாது'ன்னு சேக்கச் சொன்னாரு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "மாமாவாமா?" என்றார். கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. எழுந்து போய் ஸ்கூட்டரைக் கிளப்பினார். தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வெறுந்தலையோடு நடந்து திரும்பி வந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் மறைந்ததுதான் தாமதம், அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "காலு மரத்துப்போச்சாம்!" என்று ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. களம்பூர்க்காரர் மட்டும், "சிரிச்சது போதும், என் ஃபாரத்த யாரு அடிக்கறது? மூணரை மணி பஸ்ஸ விட்டா எனுக்கு வேலை போயிடும்" என்றார். அக்கா எழுந்து போய் அவருக்குப் பிரியாணி வாங்கி வந்தார். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்லச் சொல்ல, நான் நாலு பக்கத்தையும் பத்து விரலால் அடித்தேன். மூன்று மணிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பஸ் வரை அக்காவே கொண்டுபோய் விட்டார்.

அன்று மாலையே பட்டனைத் திருத்தினேன். இப்போது அது முதலில் திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூடும். அப்புறம்தான் டிஸ்க்கைக் கழற்றும். முடியாவிட்டால் திரை முழுக்கச் சிவப்பில் கத்தும்.

ஜோடியின் பதிவு அடுத்த வாரமே முடிந்தது. அப்பா வரவில்லை. பெண் போனில் சொன்னபோது கொஞ்சம் அழுதாள், அப்புறம் நாங்கள் ஹெல்மெட் கதையைச் சொன்னதும் சிரித்தாள். பொங்கல் கழித்து இருவரும் புது ரேஷன் கார்டுக்கு விண்ணப்பிக்க வந்தார்கள். ஆதார் ஓ.டி.பி. வராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஸ்கூட்டர் ஹாரன் விடாமல் அடித்தது. அக்கா கதவைத் திறந்து பார்த்தார்.

"சீக்கிரம் அனுப்பும்மா அவங்கள" என்று அவள் அப்பா ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே கத்தினார். "மாப்பிள்ளய ஜல்தி வரச் சொல்லு. வீட்டுல எல போட்டு வெச்சிகினு ஒக்காந்திருக்காங்க."