களவெட்டியில் சொல்லக்கூடாதவை

ஈரச் சாணியும் புது வைக்கோலும் கலந்த அந்த வாசம் இன்றைக்கும் எங்கேனும் ஒரு மாட்டுப்பட்டியைக் கடக்கும்போது மூக்கில் ஏறிவிடும். எல்லாருக்கும் இனிக்கிற வாசம்தான், நான் மட்டும் எட்டி நடந்துவிடுவேன். அறுபதுகளின் நடுவில், மண்டூர்ப் பக்கம் வாவிக்கரையை ஒட்டிய எங்கள் வயல்வட்டையில், சூடு மிதிப்பதற்காக, அதாவது குவித்த கதிரை மாடுகளால் மிதிப்பித்து நெல்லைப் பிரிப்பதற்காக, சாணியால் மெழுகிய களத்தைக் 'களவெட்டி' என்போம். அப்பா அங்கே 'முல்லைக்காரர்', அதாவது நிலச் சொந்தக்காரரான போடியாரின் வயலில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தலைவர்.

களவெட்டிக்குள் கால் வைத்தால் வாயில் வேறு பேச்சுத்தான் வரவேண்டும். நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, 'பொலி'. மாடு 'வாரிக்காலன்'. பெட்டி 'பெருவாயன்'. இல்லை, குறைவு, போதாது என்பதற்கு நாங்கள் சொல்லும் காணாது, இந்தச் சொற்களை நாக்கில் எடுக்கவே கூடாது; எடுத்தால் பூதங்கள் காதில் வாங்கிக்கொண்டு விளைச்சலை வாரிப் போய்விடும் என்று பெரியவர்கள் சத்தியமாக நம்பினார்கள். அந்தப் பேச்சில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை என்பார்கள்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் வாய்க்கால் கட்டில் மாட்டுக் கரத்தை குடைசாய்ந்து, அப்பாவின் தலை கல்லில் மோதியது. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, கை கால் ஒரு குறையுமில்லாமல் வீட்டுக்கு வந்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று ஊர் சந்தோசப்பட்டது. தலைப்பாகையோடு போகவில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

எதை, எங்கே, எந்த நேரம் சொல்வது என்ற கணக்கு அவரிடம் அழிந்து போயிருந்தது. செத்தவீட்டில் தலைவிரித்து அழுதுகொண்டிருந்த பெண்ணிடம், "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டார். அயல் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், "புள்ளைக்குப் பல்லுக் கொஞ்சம் மிதப்பு" என்றார். எதிரே இருப்பவர் முகம் சுளித்தாலும் அவருக்கு விளங்காது; பகிடி விட்டால் மெய்யென்று எடுத்துச் சண்டைக்குப் போவார். விசர் என்று சொல்லியிருந்தாலாவது மன்னித்திருப்பார்கள். உடம்பு நன்றாக இருந்ததால் திமிர் என்றார்கள்.

அறுவடை நெருங்கியபோது போடியார் அம்மாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், இருந்த பாயில் நெளிந்து நெளிந்துதான் சொன்னார். "முல்லைக்காரர் இந்த முறை களவெட்டிக்கு வரட்டும். ஒழுங்கா நடத்தினா அவர்ர இடம் அவருக்குத்தான். இல்லாட்டி உங்கட தம்பியத்தான் போடணும், கோவிக்காதீங்க தங்கச்சி."

அம்மா அன்றைக்கே அப்பாவை என் கையில் ஒப்படைத்தாள். "அந்தச் சொல்லெல்லாத்தையும் அப்பாக்குப் பாடமாக்கு புள்ள." வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்து மாமர நிழலில் பத்து நாள் பள்ளிக்கூடம் நடந்தது. நான் மாட்டைக் காட்டுவேன், அவர் "வாரிக்காலன்" என்பார். பெட்டியைக் காட்டினால் "பெருவாயன்". "பொலி எப்பிடி எண்டு கேட்டா?" என்பேன். "நிறைஞ்ச பொலி!" என்று சொல்லிவிட்டு, சரியா என்பதுபோல் என் முகத்தையே பார்ப்பார். எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

பொலி தூற்றும் நாளன்று நானும் அம்மாவும் சோறு கொண்டுபோய், காவல்வாடி ஓரமாக நின்று பார்த்தோம். அப்பா ஒரு சொல் பிசகவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் குவியலைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள். "என்ன முல்லைக்காரர், பொலி எப்பிடி?" என்று போடியார் வழக்கப்படி கேட்டார்.

அப்பா குனிந்து ஒரு கை அள்ளி, ஊதிப் பார்த்தார். "போன முறைக்குக் காணாது போடியார். பாதி சப்பி, வெறும் பதர். நெல்லு குறைவு."

கூடாத சொற்கள் எல்லாம் ஒரே மூச்சில். அத்தனையும் உண்மை, அந்த வருடம் கதிர் பால்பிடிக்கும் நேரம் மழை ஏமாற்றியதை அங்கு நின்ற எல்லாரும் அறிவார்கள். ஆனாலும் ஒருவர் முகத்திலும் இரத்தமில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, அப்பாவின் தோளைப் பிடித்தார். "தவளை தன் வாயால கெடும் எண்டு சும்மாவா சொன்னாங்க? வாங்க அத்தான், அங்கால போவம்."

"நான் பிழையா ஒண்டும் சொல்லல்லையே, அள்ளிப் பாருங்கவன்" என்ற அப்பா, இழுபட்டுக்கொண்டே கண்ணால் என்னைத் தேடிப் பிடித்தார். "புள்ள, நான் சரியாத்தானே சொன்னன்?"

நான் என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா முல்லைக்காரர் ஆனார். யாரும் அப்பாவை ஏசவில்லை, அடிக்கவில்லை. கண்டால் வேறு பாதையில் போனார்கள், அவ்வளவுதான். எனக்குப் பதினாலு வயதில் என் ரீச்சர் வீட்டுக்கு வந்த நாளில், நானே அவரிடம் சொன்னேன்: "அப்பா, ஆக்கள் வந்தா நீங்க பறையாதீங்க." தலையாட்டினார். அதன்பிறகு வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டாலே எழும்பிக் கோடிப்புறத்துக்குப் போய்விடுவார். போகப்போக எங்களோடும் பேச்சு நின்றது. எழுபதுகளின் கடைசியில் அவர் செத்தபோது, "பாவம், கடைசியில நல்லாத் திருந்தின மனிசன்" என்று ஊர் புகழ்ந்தது. அம்மாவும் நானும் ஓம் என்றோம்.

இப்போது வட்டைக்குள் மெசின் இறங்கினால் ஒரு மணித்தியாலத்தில் மூட்டை வரம்பில் நிற்கிறது. சூடில்லை, களவெட்டியில்லை, பொலி என்றால் என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. காணாது, குறைவு என்று வயலில் நின்று யாரும் கத்தலாம், பூதங்களும் எங்கேயோ போய்த் தொலைந்துவிட்டன.

போன வருடம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த என் தங்கச்சியைப் பார்க்கப் போனேன். பக்கத்துக் கட்டிலில், மோட்டார் சைக்கிளால் விழுந்து தலையில் தையல் போட்ட ஒரு பொடியன், என்னைக் கண்டதும் "உங்கட சீலை வடிவில்ல" என்றான். அவன் மனைவி கூனிக்குறுகிப் போனாள். "ஆக்களோட பறைய விடாம வைக்கட்டா டொக்டர்?" என்று கேட்டாள்.

"ஐயோ, வேணாம் தங்கச்சி" என்றார் அந்த இளம் டொக்டர். "மூளையில எதை எங்க சொல்றதெண்டு பாக்கிற இடம் அடிபட்டிருக்கு, வேணுமெண்டு சொல்லல்ல. நிறையப் பறையுங்க. பிழையாச் சொன்னாச் சொல்லிக் குடுங்க. தனிய மட்டும் விட்டிராதீங்க."

அந்தக் காலத்தில் எங்களுக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லையே என்று என்னை நானே தேற்றிப் பார்க்கிறேன். தேறவில்லை. அப்பா அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு "ஓம் அப்பா" என்று சொல்ல எனக்கு எந்த டொக்டரும் தேவைப்பட்டிருக்கவில்லை.