நாற்பதாவது உருளை

பெரில் கூம்ப்ஸுக்கு வலது தோள் சற்றே தாழ்ந்திருக்கும். கல்யாணமாகிப் பண்ணைக்கு வந்த நாள் முதல் செடார் சீஸ் உருளைகளைத் தூக்கித் திருப்பி வைத்து வந்த கோணல் அது. இங்கிலாந்தின் சாமர்செட்டில் அவளைவிட நல்ல சீஸ் செய்கிறவர்கள் இருக்கலாம். அவளைவிட வாய் நீண்டவர்கள் கிடையாது.

அந்த வாயையே மயக்கியவர் தொகுதி எம்.பி. ஜைல்ஸ் ஹார்கிரேவ். நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தால் சீஸ் ஏற்றுமதி இரண்டு மடங்காகும் என்று ஊர் மன்றத்தில் நின்று சத்தியம் செய்தார். பெரில் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது லட்சணம். ஒவ்வொரு லோடுக்கும் கால்நடை மருத்துவர் வந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் மொத்தமும் துறைமுகத்தில் நிற்கும். போன கோடையில் ஒரு லோடு அப்படி நின்று, வெயிலில் வேர்த்து, வெடித்துத் திரும்பி வந்தது.

பெல்ஜியத்தில் கடை வைத்திருக்கும் லீவன் நெடுநாள் வாடிக்கையாளர், நல்ல மனிதர். இந்தத் தடவையும் சரக்கு வராவிட்டால் டச்சுக்காரரிடம்தான் வாங்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிப் போனில் சொன்னார். அந்தக் கடை போனால் பாதி மாடுகளை விற்க வேண்டியதுதான். பெரிலின் புருஷன் டெஸ் அன்று முழுக்க மாடுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான்.

நாற்பது உருளைகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். மருத்துவரின் கையெழுத்தும் ஆயிற்று. லாரி வந்து நின்ற காலையில், அழைக்காமலே ஹார்கிரேவும் ஒரு போட்டோக்காரனோடு வந்து நின்றார். தேர்தல் வருகிறதே, ஒரு போட்டோ வேண்டுமாம்.

ஏற்றுவதற்கு முன் ஓர் உருளையைக் குடைந்து பார்ப்பது அவள் வழக்கம். குழிவான நீண்ட இரும்பைச் செருகித் திருகி இழுத்தால், விரல் பருமனில் சீஸ் குச்சியாக வரும். முகர்ந்து, நுனியில் ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை அப்படியே உள்ளே தள்ளி மேலே பூசிவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் பால் கறக்கிற பயலுக்கும் இது தெரியும். அதனால் எம்.பி. கை நீட்டியபோது, ஒன்றும் விளக்காமல் குச்சியோடு இரும்பை நீட்டிவிட்டாள். அவர் காமிராவைப் பார்த்துச் சிரித்தபடி குச்சி முழுவதையும் தின்று தீர்த்தார்.

பெரில் இரும்பைப் பிடுங்கிக்கொண்டாள். ஓட்டை வழியாகக் காற்று போனால் உள்ளே பூசணம் பிடிக்கும். வேறொன்றை மாற்றி வைக்கலாமென்றால், ஒவ்வொன்றின் எண்ணும் சான்றிதழில் ஏறிவிட்டது. மருத்துவர் மறுபடி வரப் பத்து நாளாகும்.

"இதை விட்டுட்டு முப்பத்தொம்பது அனுப்புனா முப்பத்தொம்பதும் நிக்கும் சார். அந்தச் சட்டத்துக்குக் கை தூக்குனது நீங்கதான்."

"ஒரு சின்ன ஓட்டைதானேம்மா. அப்படியே அனுப்புங்க, யாரு பார்க்கப்போறா?"

"லீவன் பார்ப்பாரு. வெட்டி விக்கிறவரு அவரு. யாரு பார்க்கப்போறான்னுதானே இத்தனை வருஷமா எங்களை ஆண்டீங்க?"

சொல்லிக்கொண்டே, காயாமலிருக்கப் பன்றிக்கொழுப்பு தடவிய அந்த உருளையைத் தூக்கி அவருடைய கோட்டோடு அணைத்துக் கைகளில் வைத்தாள். பாரத்தில் அவர் மண்டியிட்டுவிட்டார். போட்டோக்காரன் அதை விடுவானா?

லாரி காலியாகத் திரும்பியது. லீவன் டச்சுக்காரரிடம் போனார். படம் பத்திரிகையில் வந்த அன்று மதுக்கடையில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், ஆளாளுக்கு அவளுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தார்கள். நன்றாக வேண்டும் அந்த ஆளுக்கு என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஹார்கிரேவ் மறுபடி ஜெயித்தார். அந்த ஊர் ஓட்டுப் பெட்டியில் மட்டும் பாதிக்கு மேல் அவருக்கே விழுந்ததாகப் பேச்சு. கை தட்டிய கைகள்தானே போட்டன! பெரிலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாடு வாங்க வந்த தரகர் கொட்டகையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் டெஸ்ஸின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"நீ யாருக்குய்யா போட்ட?"

டெஸ் டீயில் சர்க்கரையைக் கலக்கினான். அவன் டீக்குச் சர்க்கரை போடுகிறவனே இல்லை.

"எப்பவும் போடுறவருக்குத்தானே, பெரில்," என்றான்.