சிவப்புச் சில்லு

அன்று காஜா பெராங் பகுதி வீட்டில் இருந்தவர்கள்: அண்ணன்காரர், அவர் மனைவி, ஆதரவற்றோர் விடுதியிலிருந்து வந்த அதிகாரி, நான், பிறகு அவள். அவளை எப்போதும் கடைசியில்தான் எண்ணுவார்கள்.

முப்பது வயது. பிறந்ததிலிருந்து பேச்சில்லை. கைகால் முறுக்கிக்கொள்ளும். காதும் புத்தியும் சரி. நான் ஆஸ்பத்திரியில் ஊன்றுகோல் செய்கிற தச்சன். அவள் அண்ணன் அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணி. எனக்கு வேலை வாங்கித் தந்தவர். அவர் கேட்டு, தங்கைக்கு ஒரு பலகை செய்தேன். பன்னிரண்டு குழி, பன்னிரண்டு மரச்சில்லு. சோறு, தண்ணீர், வலி என்று சில்லில் படம் வரைந்து குழியில் ஒட்டினேன். வேண்டாம் என்பதற்கு வெறும் சிவப்பு. விரலால் தொட்டுச் சொல்வாள். அதிகம் தொட்டது சிவப்பைத்தான்.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகள் தெருவில் இன்னும் இருந்தன. கிராணி பலகையோடு பட்டறைக்கு வந்தார்.

“அந்தச் செவப்ப எடுத்துடு தம்பி.”

“ஏங்கையா?”

“மகளப் பொண்ணு பாக்க வராங்க லா. இவள விடுதியில விடணும். சம்மதமான்னு விடுதிக்காரங்க இவகிட்டயே கேப்பாங்களாம். வாயில்லாதவளுக்கு வாய் செஞ்சு குடுத்த, இப்ப அது என்னையே கடிக்குது.”

உளியால் நெம்பினேன். சுலபமாக வந்துவிட்டது.

அன்று வீட்டில் அதிகாரி அவள் முன் குனிந்து கேட்டார். “எங்ககூட வரீங்களாம்மா?”

அவள் விரல் நடுங்கிக்கொண்டே போய், சிவப்பு இருந்த குழியில் இறங்கியது.

“அங்க ஒண்ணுமில்லையே?”

“கை தானா ஆடும் சார். சாமிக்கு முன்னாலயும் அப்படித்தான் ஆடுவா,” என்று கிராணியின் மனைவி சிரித்தாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “பலகை நீங்க செஞ்சதுதான? அது என்ன எடம்?”

கிராணியும் என்னைப் பார்த்தார்.

“காலிங்க ஐயா,” என்றேன்.

அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி மறுபடி குழியைத் தொட்டாள். அதிகாரி தாளில் ‘மறுப்பு இல்லை’ என்று எழுதினார்.

அதன்பின் வேலையை விடும்வரை பேச்சில்லாதவர்களுக்குப் பலகைதான் செய்தேன். வேண்டாம் என்பதை ஒட்டியதில்லை. மரத்திலேயே செதுக்கிவிடுவேன்.

அன்று வண்டியில் ஏற்றும்வரை அவள் விரல் அந்தக் குழிக்குப் போனதை எண்ணினேன்.

ஒன்பது முறை.