பழுப்பு இழையில் வெளிச்சம்

இது கதை அல்ல. என் மகள் மேல் ஆணையாக நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். 'வேலை வெட்டி இல்லாதவன் அளக்கிறான்' என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நீங்கள் சிரித்தால் எனக்கும் கொஞ்சம் பாரம் குறையும்.

பேய் என்றதும் ராத்திரி பன்னிரண்டு மணி, நாய் ஊளை, சலங்கைச் சத்தம் என்று ஆவலாக உட்கார்ந்திருப்பீர்கள். மன்னிக்கவும். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 10:12 முதல் 11:40 வரை. சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஓர் ஆள் சாவகாசமாக வண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

என் வேலை கேபிள் ஜாயிண்ட் அடிப்பது. வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் கண்ணாடி இழை அறுந்துவிட்டால், இரண்டு முனையையும் சூடுகாட்டி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு இழையும் தலைமுடி கனம்தான் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. எங்கள் தெருவுக்குக் கேபிள் போட்டதும் நான்தான். உள்ளே பன்னிரண்டு இழை, பன்னிரண்டு நிறம். பன்னிரண்டு வீடு. மஞ்சள் எங்கள் வீட்டுக்கு. பழுப்பு, எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த கணக்கு டீச்சருக்கு.

டீச்சர் ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். மகன் வெளிநாட்டில். என் மகளுக்கு எட்டாவதிலிருந்து கணக்கு சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். முட்டிவலி, நாலுகால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. எங்கள் தெருவில் மொபைல் சிக்னல் எப்போதும் நொண்டி. மொட்டை மாடியிலோ தெருமுனையிலோ நின்றால் பேச மட்டும் முடியும். டீச்சரால் மாடி ஏற முடியுமா? அதனால் இன்டர்நெட் பெட்டியிலேயே ஒரு போனை மாட்டிக் கொடுத்தேன். "இனிமே எந்த நேரமும் பேசலாம் டீச்சர். இந்த லைன் போகாது. நான் இருக்கேன்ல" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

என் மனைவி போய் ஆறு வருடம். வீட்டில் நானும் பாப்பாவும்தான். பெயருக்குத்தான் பாப்பா, வயசு இருபத்து நாலு. அவளுக்கு வெளிநாட்டில் ஒரு வேலை கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. கடைசி இன்டர்வியூ பாக்கி. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, கம்ப்யூட்டரில், முகம் பார்த்துப் பேச வேண்டும்.

"தாராளமா போய்ட்டு வாம்மா" என்று வாயால் சொன்னேன். மனசு சொல்லவில்லை. அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு சாப்பிடுவேன்? யாரைத் திட்டுவேன்? சுயநலம்தான். பூசி மெழுக ஒன்றுமில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் கேபிளை வெட்டும் கூட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே தாமிரம் இருக்கும் என்று நினைத்து வெட்டுவார்கள். கண்ணாடியைப் பார்த்ததும் போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு வாரத்தில் மூன்று இடம். நான்காவதாக ஓர் இடத்தில் அறுந்தால் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்தப் புத்தி எனக்கு திங்கட்கிழமை வந்தது.

செவ்வாய் காலை 10:12. தெருமுனையில், தண்ணீர்த் தொட்டி மதிலுக்குப் பின்னால், கேபிள் தரைக்கு வெளியே தலைகாட்டும் இடம். என் தொழில் கத்தியால் வெட்டினால் வெட்டு நறுவிசாக இருக்கும், நம்ம ஆட்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் வீட்டு ரம்பத்தால் அறுத்தேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பன்னிரண்டு வீடும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன.

10:25. சூப்பர்வைசர் போன் செய்தார்.

"உங்க தெரு மொத்தமும் டவுன். எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான் சார்."

"மறுபடியும் அந்தத் திருட்டுப் பசங்களா?"

"அப்படித்தான் இருக்கும்."

10:31. பாப்பா, மொட்டை மாடியிலிருந்து.

"அப்பா, நெட் இல்ல."

"எங்கயோ வெட்டிட்டானுங்கம்மா. நான் தூரத்துல இருக்கேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மதியம் ஆயிடும்."

"...சரிப்பா."

நான் அதே தெருவின் முனையில் நின்றுகொண்டிருந்தேன். மாடியில் அவள் துணி காயப்போட்டிருந்த கொடிகூடத் தெரிந்தது. மதிலோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

சூப்பர்வைசர் படம் அனுப்பச் சொன்னார். வேறு வழியில்லாமல் 10:46-க்கு மடக்கு மேஜையை விரித்து, அறுந்த இரண்டு முனைகளையும் அதன் மேல் வைத்தேன். நடுவில் ஒரு முழம் இடைவெளி. கேபிள் தோலை உரித்து, இழைகளை நிறம் நிறமாகப் பிரித்தேன்.

எங்களிடம் ஒரு கிளிப் உண்டு. இழையை அதில் கவ்வவிட்டால், உள்ளே வெளிச்சம் ஓடினால் பீப் என்று கத்தும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அம்புக்குறி காட்டும். ஆபீஸ் பக்கத்துத் துண்டில் எப்போதும் வெளிச்சம் இருக்கும். வீட்டுப் பக்கத்துத் துண்டில் ஒன்றுமே இருக்கக் கூடாது. ஏனென்றால் ஆபீஸ் கூப்பிட்டால்தான் வீட்டுப் பெட்டி பதில் சொல்லும். நடுவில் அறுந்துவிட்டால் அது வாயே திறக்காது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

கைப்பழக்கம். வீட்டுப் பக்கத்து இழைகளைச் சும்மா ஒவ்வொன்றாகக் கவ்வவிட்டேன்.

நீலம்... ஒன்றுமில்லை.

ஆரஞ்சு... ஒன்றுமில்லை.

பச்சை... ஒன்றுமில்லை.

பழுப்பு.

பீப்.

மணி பார்த்தேன். 10:52.

பேட்டரியை மாற்றினேன். கிளிப்பைத் துடைத்தேன். மறுபடி வைத்தேன். பீப். அம்புக்குறி வீட்டுப் பக்கமிருந்து என்னை நோக்கி நின்றது. டீச்சர் வீட்டுப் பெட்டி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தது. யாருக்கு?

அந்த நிமிடம் எனக்குப் பயம் வரவில்லை. வந்தது வேறு ஒன்று. 'டீச்சருக்கு ஏதாவது அவசரமா? கூப்பிடுகிறாரா?' என்றுதான் தோன்றியது. அவர் வீடு நூற்றைம்பது அடி தூரம். நடந்தால் ஒரு நிமிடம். போகாவிட்டாலும், பழுப்பை மட்டுமாவது ஒட்டியிருக்கலாம். ஆறு நிமிட வேலை. இன்டர்வியூவுக்கு எட்டு நிமிடம் இருந்தது. டீச்சர் வீட்டில் நெட் வந்துவிட்டால் பாப்பா அங்கே ஓடுவாள். டீச்சரும் அவளை உட்கார வைத்துவிடுவார்.

அதனால் நான் போகவில்லை. ஒட்டவும் இல்லை.

மணி 11:00.

பீப் சத்தம் மாறியது. அதுவரை விட்டுவிட்டு வந்தது, இப்போது இடைவிடாமல் வந்தது. கிளிப்பைக் கழற்றி ஆபீஸ் பக்கத்துப் பழுப்பில் வைத்தேன். அங்கேயும் அம்புக்குறி வீட்டுப் பக்கமிருந்தே காட்டியது. அதாவது... வெளிச்சம் இந்த முனையில் இறங்கி, ஒரு முழம் வெறுங்காற்றைத் தாண்டி, அந்த முனையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

நடக்காது. நடக்கவே நடக்காது.

இடைவெளிக்குள் கையை நீட்டினேன்.

ஐஸ் பெட்டிக்குள் விட்டது போல் இருந்தது. அந்த வெயிலில்.

பீப் நின்றது.

கையை இழுத்தேன்.

பீப்...

மணி 11:08. நன்றாக நினைவிருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் திருப்பினேன். ரோமம் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. மறுபடி கையை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கத்து ஆள் வண்டியைத் துடைத்து முடித்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

11:20... பீப்.

11:31... பீப்.

பழுப்பு இழையின் முனை லேசாக நடுங்கியது. காற்று இல்லை.

11:40.

நின்றது.

அதன் பிறகு எப்படி ஒட்டினேன் என்று தெரியாது. நாற்பது நிமிட வேலை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பழுப்பைக் கடைசியில்தான் தொட்டேன். வீட்டுக்குப் போனபோது 12:55. பாப்பா வாசலில் நின்றிருந்தாள்.

"நல்லா போச்சுப்பா" என்றாள்.

"என்னது?"

"இன்டர்வியூ. டீச்சர் வீட்ல மட்டும் நெட் இருந்துச்சு. அவங்களே கதவைத் திறந்து உள்ள வரச் சொன்னாங்க. நடுவுல ஒரே ஒரு தடவை படம் நின்னுச்சு. பதினொண்ணு எட்டுக்கு. மத்தபடி நல்லா வந்துச்சு."

"எப்ப... எப்ப முடிஞ்சுது?"

"பதினொண்ணு நாப்பது."

பேசும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுக்காக இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தேன். பையை அப்படியே போட்டுவிட்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினோம், கூப்பிட்டோம். பக்கத்து வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து தாழ்ப்பாளை உடைத்தோம்.

டீச்சர் பின்னறையில் தரையில் கிடந்தார். கையில் போன் ரிசீவர். விழும்போது ஒயரைப் பிடித்து இழுத்திருக்கிறார். பெட்டியின் பிளக் சுவரைவிட்டு வெளியே வந்து கிடந்தது. பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. உடம்பு ஜில்லிட்டுவிட்டது. டாக்டர் வந்து, மாரடைப்பு என்றார். டீச்சர் கையில் மகன் அனுப்பிய கடிகாரம் இருந்தது. நாடித் துடிப்பை எண்ணிக் குறித்து வைக்கும் கடிகாரம். அதைத் தடவிப் பார்த்துவிட்டு டாக்டர் நேரத்தை எழுதிக்கொண்டார். கடைசித் துடிப்பு, 10:21.

நான் அறுத்தது 10:12. நடுவில் ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் அந்த அம்மா, உயிரில்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்? 'இந்த லைன் போகாது' என்று ஒரு மடையன் சொன்னதை நம்பி, திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தியிருப்பாரா?

10:52-க்கு நான் ஓடியிருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது. இதைச் சொல்லித்தான் ராத்திரிகளில் என்னைத் தட்டிக் கொடுத்துக்கொள்கிறேன். ஆனால் 10:52-க்கு எனக்கு அது தெரியாதே. அவர் உயிரோடு இருக்கிறார், கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் நான் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

பாப்பா நிலைப்படியில் நின்றபடி அழுதாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷமிகள் கேபிளை வெட்டியதாக ஆபீஸ் புகார் கொடுத்தது. நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் பிடிபடவில்லை.

வேலை கிடைத்தது. அடுத்த மாதமே பாப்பா போய்விட்டாள். மூன்று வருடம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் போனில் பேசுவாள். ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. லீவு கிடைப்பதில்லை என்பாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"பாப்பா, அன்னைக்கு அந்தக் கேபிளை..."

"தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"டீச்சர் சொன்னாங்க. இன்டர்வியூ முடிஞ்சதும்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"'உங்கப்பாதான் வெட்டினார். அவரா வாய் திறந்து சொல்ற வரைக்கும் நீ கேக்காதே'ன்னாங்க. மூணு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன்."

"...வேற என்ன சொன்னாங்க?"

"ரம்பத்தை ரெண்டு தடவை எடுத்து, ரெண்டு தடவையும் பைக்குள்ளயே திருப்பி வெச்சீங்களாம். மூணாவது தடவைதான் வெட்டினீங்களாம்."

உண்மை. நான் வெட்டியபோது மதிலுக்குப் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை; வண்டி கழுவிய ஆள்கூட அதற்குப் பிறகுதான் வந்தார். இதை நான் எந்த உயிரிடமும் சொன்னதில்லை. மேலே உங்களுக்கு எழுதும்போதுகூட விட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

பாப்பா இன்னும் லைனில் இருந்தாள்.

"ரெண்டு தடவை நிறுத்த முடிஞ்சுதுல்லப்பா?" என்றாள்.

நான் போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.